பழமா, காயா? சுவாமியின் அப்பாவைப் பற்றி ஒரு திரி

பார்வதிபுரம்பாலம்:
கொஞ்ச நாளாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழைய மால்குடி டேஸ் பார்க்கிறோம். 1980களில் தூர்தர்ஷனில் வந்த குடும்ப நகைச்சுவைத் தொடர், ஆர்.கே. நாராயண் கதைகளை வைத்து சங்கர் நாக் இயக்கியது. அதில் வரும் பள்ளிக்கூடத்துப் பையன் சுவாமியின் அப்பாவாக கிரீஷ் கர்னாட். வக்கீல். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறைத்தது. அப்பா என்றால் அவர்தான் அப்பா. நாமெல்லாம் பிள்ளைகளுக்குக் கூட்டாளியாக இருந்து கெடுக்கிறோம். கோடை விடுமுறையில் கோர்ட்டும் மூடிய பிறகு, ஓடித் திரிகிற மகனைப் பிடித்து உட்காரவைத்து மாம்பழக் கணக்குப் போடச் சொல்கிறாரே, அந்தக் கண்டிப்பில்தான் ஒரு தலைமுறையே உருப்பட்டது. இதை மறுத்துப் பேச ஆள் இருக்கிறதா?

கனகமூலம்கடை:
இருக்கிறது.

முதலில் அந்தக் கணக்கை முழுசாகச் சொல்லும். தெரியாதவர்களுக்கு நானே சொல்கிறேன். ராமனிடம் பத்து மாம்பழம். அதை விற்றுப் பதினைந்து அணா பார்க்க வேண்டும் என்று நினைக்கிறான். கிருஷ்ணனுக்கு நாலு பழம் போதும். கிருஷ்ணன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? பையன் மண்டையை உடைத்துக்கொண்டு யோசிக்கிறான். கடைசியில் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கிறான்: மாம்பழம் பழுத்ததா, இல்லையா?

நாகர்கோவில் வடசேரி சந்தையில் முப்பது வருசமாகப் பழம் விற்கிறேன். அந்தக் கணக்கில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். காயாக இருந்தால் ஊறுகாய்க்கு ஒரு விலை, நெத்திலி அவியலுக்கு ஒரு விலை. பழுத்ததென்றால் செங்கவருக்கைக்கு ஒரு விலை, நாட்டு மாம்பழத்துக்கு ஒரு விலை. நேற்றுப் பழுத்ததா, நாளைக்கு அழுகப் போகிறதா, அதைப் பொறுத்து இன்னொரு விலை. பத்து வயசுப் பையனுக்குத் தெரிந்தது வக்கீலுக்குத் தெரியவில்லை. அவரைப் போய் அப்பாவுக்கெல்லாம் அப்பா என்கிறீர்.

ஓய்வுபெற்ற_கணக்கு:
விடை 6 அணா. ஒரு பழம் ஒன்றரை அணா, நாலு பழம் ஆறணா. இதற்கு முப்பது வருச அனுபவம் தேவையில்லை, ஒன்றரை வாய்ப்பாடு போதும்.

கனகமூலம்கடை:
வந்துவிட்டார் சார். போன மாதம் மட்டிப்பழத் திரியில் நான் போட்ட கூட்டலில் பிழை கண்டுபிடித்தது இவர்தான். புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி எழுதியிருந்தேன், இவர் கண்ணில் பட்டது கூட்டல் மட்டும்.

சரி சார், ஆறணா. பழமா, காயா?

ஓய்வுபெற்ற_கணக்கு:
அது கணக்குக்கு வேண்டாத விவரம். பத்தும் ஒரே தரம் என்பது எடுகோள். அதுபோக ஒரு சின்ன இலக்கணம். 'மாம்பழம்' என்று சொல்லியாயிற்று. பழம் என்றால் பழுத்தது. பழுக்காதது மாங்காய். தமிழ் தெரிந்த எந்தப் பிள்ளையும் இந்தக் கேள்வியைக் கேட்காது. முடிந்தது.

வரையறை_முக்கியம்:
ஒரு நிமிடம். முதல் பதிவில் நகைச்சுவைத் தொடர் என்று இருக்கிறது. மால்குடி டேஸ் சிட்காமே அல்ல. சிறுகதைகளையும் நாவல்களையும் எடுத்துச் செய்த தொடர். அதே காலத்தில் சிட்காம் வேண்டுமென்றால் வாக்லே கி துனியா இருக்கிறது, 1988இல் வந்தது. மத்தியதர வர்க்க அப்பா, ஆபீஸ், சம்பளம் எல்லாம் அதில் உண்டு. 'பாரம்பரிய அப்பா' என்றால் என்ன என்று முதலில் வரையறுத்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

குழித்துறைக்காரி:
எங்கள் பக்கம் பழுத்தாலும் மாங்காதான் சார். 'பழுத்த மாங்கா' என்போம். மாம்பழம் என்ற வார்த்தையை நான் பாடப் புத்தகத்தில்தான் பார்த்தேன். அந்தக் கதை ஆங்கிலத்தில் எழுதியது. அதில் காய்க்கும் பழத்துக்கும் ஒரே பெயர். பையன் கேட்டதில் தப்பே இல்லை.

ஓய்வுபெற்ற_கணக்கு:
குழித்துறையில் எப்படிச் சொல்கிறார்கள் என்பது மால்குடிக்குப் பொருந்தாது.

குழித்துறைக்காரி:
உங்கள் தக்கலைக்கு மட்டும் பொருந்துமோ? ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் தமிழ் இல்லை என்கிற நினைப்பு இன்னும் போகவில்லை பாருங்கள்.

கனகமூலம்கடை:
மக்கா, மாங்கா என்றே சொல்லுங்கள், என் கடையில் அப்படிக் கேட்டுத்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள். சார் மொழிக்குள் போய் ஒளிகிறார். நான் அப்பாவிடம் கேட்கிறேன். பையன் கேட்டதும் அந்த மனுசர் என்ன சொன்னார் தெரியுமா? முதலில் கணக்கைப் போடு, பழுத்ததா இல்லையா என்று அப்புறம் சொல்கிறேன் என்றார். அப்புறம் சொன்னாரா?

தேரூர்வயல்:
அந்த இடத்தை ஒழுங்காகப் படியுங்கள் அண்ணாச்சி. அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படிச் சொல்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு! உள்ளுக்குள் பிள்ளையை ரசிக்கிறார். அந்தக் காலத்து அப்பாக்களின் பாசமே அவ்வளவுதான், வெளியே காட்டினால் மரியாதை போய்விடும் என்று பயம். எனக்கு இரண்டு வயது மகள் இருக்கிறாள், எனக்குப் புரிகிறது.

கனகமூலம்கடை:
அடக்கினார் அல்லவா, அதுதான் குற்றம். சிரித்திருந்தால் என்ன? பையன் அரைமணி நேரம் தவித்து, கடைசியில் ஆறணா என்று சொல்லிவிட்டு அழுகிறான். அதற்கப்புறமாவது பழம் பழுத்ததுதான்டா என்று சொன்னாரா? இல்லை. 'சுவாமியும் நண்பர்களும்' 1935இல் வந்த புத்தகம். தொண்ணூறு வருசமாகப் பிள்ளை காத்துக்கொண்டு நிற்கிறான், பழமா காயா என்று.

முட்டம்_அலை:
நான் இப்போது மஸ்கட்டில். எங்கள் ஊரில் அப்போது மூன்று வீட்டில்தான் டிவி. ஆன்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்து நிற்கும், காற்றடித்தால் ஒருத்தன் மேலே ஏறித் திருப்ப வேண்டும். மால்குடி இந்தியில் வரும், ஒரு எழுத்து புரியாது. இந்தியில் மாம்பழத்துக்கு 'ஆம்' என்று எங்களுக்குத் தெரியாது. அந்த அப்பா பையனிடம் ஆம், ஆம் என்கிறார், இவன் ஏன் முழிக்கிறான் என்று ஒரே குழப்பம். அது போகட்டும். அவர் முகத்தைப் பார்த்தால் எங்களுக்கே கால் நடுங்கும். அது பாசம் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பார்வதிபுரம்பாலம்:
முட்டத்தாருக்கு இந்தி தெரியாது, அண்ணாச்சிக்குக் கணக்கு தெரியாது, ரெண்டு பேரும் சேர்ந்து கர்னாட்டுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். அதே நாளில்தான் சாயங்காலம் பையனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கிளப்புக்கு வருகிறாயா என்று கூட்டிக்கொண்டு போகிறார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மகன் காணாமல் போனபோது ராத்திரி ஆற்றங்கரையிலும் ரயில் தண்டவாளத்திலும் தேடி அலைந்தது யார்? பள்ளியில் மகனிடம் முரட்டுத்தனமாக நடந்த வாத்தியாரைப் பற்றித் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதியது யார்?

ஓய்வுபெற்ற_கணக்கு:
இதுவரை உங்கள் பக்கம் நின்றேன். வாத்தியார்மேல் புகார் எழுதுவதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். 34 வருடம் கரும்பலகை முன்னால் நின்றவன் நான். அந்தக் கடிதம் எழுதுகிற அப்பாக்களால்தான் இன்று பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்கவே வாத்தியார் பயப்படுகிறார். வீட்டில் கண்டிப்பு, பள்ளிக்கூடத்தில் மட்டும் கொஞ்சல் வேண்டுமாக்கும்.

பார்வதிபுரம்பாலம்:
சார், நான் உங்களைச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற_கணக்கு:
யாரைச் சொன்னீர்கள்?

கனகமூலம்கடை:
நல்லது, ரெண்டு பேரும் பேசி முடியுங்கள், நான் கடையைத் திறந்துவிட்டு வருகிறேன்.

வரையறை_முக்கியம்:
மேலே நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொன்று, நாவலில் இருப்பதையும் திரையில் பார்த்ததையும் எல்லோரும் கலந்து பேசுகிறீர்கள். கடிதம், கிளப், சிரிப்பை அடக்குவது எல்லாம் எழுத்தில் உள்ளவை. முகம் கர்னாட்டுடையது. எந்த அப்பாவைப் பற்றிப் பேசுகிறோம்?

தேரூர்வயல்:
நம்ம சுவாமியின் அப்பாவைப் பற்றித்தான். வேறு யார்?

பார்வதிபுரம்பாலம்:
கண்டிக்காத அப்பாவுக்கு என்ன ஆகும் என்பதும் அதே தொடரில் இருக்கிறது. மிட்டாய்க்கடை ஜகன், அனந்த் நாக் செய்த பாத்திரம். தாயில்லாப் பிள்ளை என்று மகனை ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் வளர்த்தார். அவன் அப்பா சேர்த்துவைத்த பணத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போய், கதை எழுதும் இயந்திரம் செய்யப் போகிறேன் என்று திரும்பி வந்தான். கிடைத்ததா பாடம்?

கனகமூலம்கடை:
கடைக்காரனை இழுக்கிறீர், வந்துதானே ஆக வேண்டும். ஜகன் மகனோடு பேசவே பயந்தார், அது வேறு கோளாறு. சுவாமியின் அப்பா பேசினார், காது கேட்கவில்லை. நான் ஒன்றும் ஜகனைப் பற்றிக் கேட்கவில்லை. பழமா, காயா?

தேரூர்வயல்:
ஒரே இடத்தில் நிற்காதீர்கள் அண்ணாச்சி. புலியோடு சண்டை போட்ட கிராமத்துப் பையனைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு, உனக்குத் தைரியம் இருக்கிறதா, இன்று என் ஆபீஸ் அறையில் தனியாகப் படு என்று சுவாமியிடம் சொன்ன கதை ஞாபகம் இருக்கிறதா? அன்று ராத்திரி அவன் திருடனையே பிடித்தான். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் பாட்டி பக்கத்தில் சுருண்டு படுத்திருப்பான்.

குழித்துறைக்காரி:
பயத்தில் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்து, பேய் என்று நினைத்துக் காலைக் கடித்தான். கடிபட்டவன் திருடன். இதில் அப்பாவின் வளர்ப்பு எங்கே வந்தது? மறுநாள் ஊரே புகழ்ந்த பிறகும் ராத்திரி பாட்டி பக்கத்தில்தானே படுத்தான். எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பேர் அப்பாவைத் தூக்கிச் சுமக்கிறீர்கள். அந்த வீட்டில் அம்மா என்று ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாளே, அவளைப் பற்றி ஒரு வரி வந்ததா? கணக்குக் கேட்பது அப்பா, அந்த மாங்காவை நறுக்கிக் கொடுப்பது யார்?

(இதற்குக் கீழே இரண்டு பேர் பெருவிரல் படம் மட்டும் போட்டிருக்கிறார்கள்.)

ஓய்வுபெற்ற_கணக்கு:
திரியின் தலைப்பு அப்பா. அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. உங்கள் கடையில் ஒருவர் பத்துப் பழம் 15 ரூபாய் என்ற விலையில் நாலு கேட்டால் எவ்வளவு வாங்குவீர்கள்?

கனகமூலம்கடை:
எட்டு ரூபாய்.

ஓய்வுபெற்ற_கணக்கு:
ஆறு ரூபாய்தான் நியாயம். மீதி இரண்டு ரூபாய் எங்கே போயிற்று? இதற்குத்தான் வாய்ப்பாடு படிக்க வேண்டும் என்கிறேன், வாங்குகிறவர்கள்.

கனகமூலம்கடை:
கேளுங்கள். நாலு மட்டும் வாங்குகிறவன் முகர்ந்து, அமுக்கி, காம்பைப் பார்த்து, பொறுக்கி எடுப்பான். நல்ல நாலும் போய்விடும். மீதி ஆறும் அடிபட்டதும் சூத்தையும். அதை நான் யாரிடம் ஒன்றரை ரூபாய்க்கு விற்பது? மரத்தைப் பூவில் குத்தகைக்கு எடுத்து, காற்றுக்கும் அணிலுக்கும் போனது போக மிச்சத்தை இறக்கி, வைக்கோலில் வைத்துப் பழுக்கவைத்துப் பாருங்கள், உங்கள் எடுகோள் தெரியும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கச் சட்டம் விடாது, நானும் வைத்ததில்லை. ராமன் என்னைப் போல ஒருத்தன். பதினைந்து அணா அவன் ஆசை. கிடைக்கும் என்று யார் சொன்னது?

தேரூர்வயல்:
அண்ணாச்சி, செங்கவருக்கை வந்தாயிற்றா? சும்மா கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற_கணக்கு:
பேச்சை மாற்ற வேண்டாம். 6 அணா. வேண்டுமானால் நம் ஊர்க் காசில் சொல்கிறேன். இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். அணா இல்லை, சக்கரம். ஆறணா என்பது 10 சக்கரம் 11 காசு. இப்படிக் கணக்கு சொல்ல இன்றைக்கு ஆள் கிடையாது.

முட்டம்_அலை:
என் தாத்தா சொன்ன கணக்கு 28 சக்கரம் ஒரு ரூபாய். ரூபாய்க்கு 16 அணா. அப்படிப் பார்த்தால் ஆறணாவுக்குப் பத்தரைச் சக்கரம், அதாவது 10 சக்கரம் 8 காசு. சாருக்கு 3 காசு கூடுகிறது.

ஓய்வுபெற்ற_கணக்கு:
உங்கள் தாத்தா சொன்னது சர்க்கார் ரூபாய், திருவிதாங்கூர் ரூபாய். 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அணா பிரிட்டிஷ் ரூபாயின் பிள்ளை. அதற்கு இருபத்தெட்டரைச் சக்கரம். சக்கரத்துக்கு 16 காசு. போட்டுப் பாருங்கள், 10 சக்கரம் 11 காசுதான்.

முட்டம்_அலை:
தாத்தா குளச்சலில் மீன் ஏலம் எடுத்தவர். அவருக்குக் காசுக் கணக்கு தெரியாதா? 8 காசு.

ஓய்வுபெற்ற_கணக்கு:
11.

கனகமூலம்கடை:
ஆறணா ஆறணா என்று அடித்துச் சொன்னவருக்கு அது எத்தனை காசு என்பதில் மூன்று காசுத் தகராறு. நன்றாக இருக்கிறது.

பார்வதிபுரம்பாலம்:
நான் கேட்டது அப்பாவைப் பற்றி. அணாவே 1957இல் நயா பைசா வந்ததும் போய்விட்டது. சவத்த விட்டுத் தள்ளுங்கள். அண்ணாச்சிக்கு அந்த அப்பாமேல் அப்படி என்ன வெப்ராளம்? கதையில் வந்த ஒரு வக்கீலை விட்டுவிடலாமே.

கனகமூலம்கடை:
சொல்கிறேன். என் அப்பாவும் அந்த மாதிரிதான். வெள்ளை வேட்டி, நாலு பேர் எழுந்து நிற்பார்கள். சிரித்துப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் முடிந்து கடைக்கு வந்தால் கணக்குக் கேட்பார். ஏத்தன் குலை இத்தனை, இத்தனை ரூபாய், சீப்பு என்ன விலை. சரியாகச் சொன்னால் ஒன்றும் சொல்லமாட்டார், தப்பாகச் சொன்னால் சொல்வார். பதினாலு வயசில் நான் ஒரு நாள் கேட்டேன்: அப்பா, கடைக்கு வெளியே எவ்வளவு கடன் இருக்கிறது? முதலில் குலையை எண்ணு, அப்புறம் சொல்கிறேன் என்றார். 1994இல் அவர் போனார். காடாத்து முடிந்த மறுநாள் வட்டிக்காரர் வந்துதான் எனக்குச் சொன்னார். வீட்டை விற்றுக் கடையை வைத்துக்கொண்டோம்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்றார், அவ்வளவுதான்.

குழித்துறைக்காரி:
அண்ணாச்சி...

தேரூர்வயல்:
மன்னிக்கணும் அண்ணாச்சி. தெரியாமல் பேசிவிட்டேன். ஆனாலும் ஒன்று, உங்கள் அப்பா உங்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்றுதானே மறைத்திருப்பார்? சுவாமியின் அப்பா சிரிப்பை மறைத்தது போல.

கனகமூலம்கடை:
அவர் மறைத்தது சிரிப்பு இல்லை தம்பி.

ஓய்வுபெற்ற_கணக்கு:
வருத்தமான சம்பவம். ஆனால் அதற்கும் ராமன், கிருஷ்ணன், பத்து மாம்பழத்துக்கும் தொடர்பில்லை. உங்கள் அப்பா தினமும் சீப்புக் கணக்குக் கேட்டதால்தான் நீங்கள் இன்று கடை நடத்துகிறீர்கள் என்று நான் சொல்லலாம். சொல்லவில்லை.

குழித்துறைக்காரி:
சொல்லிவிட்டுச் சொல்லவில்லை என்கிறீர்களே சார். உங்கள் வகுப்பில் படித்த பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற_கணக்கு:
என் வகுப்பில் படித்தவர்கள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

கனகமூலம்கடை:
கேட்கிறேன். அவர்களில் யாராவது பழமா காயா என்று கேட்டார்களா? கேட்டவனை என்ன செய்தீர்கள்?

ஓய்வுபெற்ற_கணக்கு:
பெஞ்சில் ஏற்றினேன்.

முட்டம்_அலை:
அடிபொளி சார்.

வரையறை_முக்கியம்:
கடைசியாக ஒரு முறை. சிட்காம் என்பதன்...

மட்டுறுத்துநர்:
திரி நீண்டுகொண்டே போகிறது. தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பேச்சும் வேண்டாம். பார்வதிபுரம்பாலம் விரும்பினால் பூட்டிவிடுகிறேன்.

பார்வதிபுரம்பாலம்:
பூட்டிவிடுங்கள். நேற்று ராத்திரி அந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்கு மறுபடி போட்டுக் காட்டினேன், நான் சொன்னதுதான் சரி என்று காட்டலாம் என்று. சின்னவன் என்ன கேட்டான் என்பதை இங்கே எழுதினால் அண்ணாச்சி துள்ளிக் குதிப்பார். எழுதமாட்டேன்.

கனகமூலம்கடை:
எழுதியாயிற்றே. நீர் அவனுக்கு என்ன பதில் சொன்னீர்?

பார்வதிபுரம்பாலம்:
போய்ப் படு என்றேன்.

ஓய்வுபெற்ற_கணக்கு:
10 சக்கரம் 11 காசு.

முட்டம்_அலை:
8.